உதிர்ந்ததும் பறித்ததும்

பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டி, 'தொடாதீர்' என்று எழுதித் தொங்கவிடுவதே காட்சிச்சாலையின் இலக்கணம் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்விலக்கணம் மாறிவிட்டது. பெற்றோரும் மக்களும் குடும்பமாகச் செல்லும் அறிவியல் காட்சிச்சாலைகள் பலவற்றில் இன்று 'தொடுக, திருப்புக, பிரித்துப் பார்க்க' என்பதே விதி. ஒரு மேசையில் நீர், ஒளி, காந்தம் ஆகியவற்றை வைத்துக் குழந்தைகள் தாமே சோதனை செய்கின்றனர். மற்றொரு மேசையில் வெற்றுப் புட்டிகள், அட்டைப்பெட்டிகள், துணித்துண்டுகள், மூடிகள் முதலிய எறிந்த பொருள்களைக் குவித்து வைத்து, அவற்றைக் கொண்டு பொம்மையும் சிற்பமும் செய்யச் சொல்கின்றனர். பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் மக்களின் இல்லங்களுக்குச் சென்று வரும் நம் சமூகத்து முதியோர், பேரக்குழந்தைகளின் கைபிடித்து இவ்விடங்களையும் கண்டு வருகின்றனர். கண்டவர் மகிழ்கின்றனர், அம்மகிழ்ச்சி நியாயமானதே.

ஆயினும் அவ்விரு மேசைகளுக்கும் பொதுவாக ஒரு கருத்து அடியில் கிடக்கிறது. 'இஃது எப்படியும் எறியப்படும் பொருள்தானே. எடுத்துப் பயன்படுத்தினால் என்ன குற்றம்?' என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இது நம் அறத்துக்கு மிகவும் அணுக்கமானதாகத் தோன்றும். மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாக ஏற்றவர்க்கு, வீணாவதைப் பயன்படுத்துதல் உவப்பானதே. இக்கருத்து எல்லா இடத்தும் செல்லுமா, எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

அமெரிக்க நாட்டின் புரூக்ளினில் 1899ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனத் தனிக் காட்சிச்சாலை தோன்றிவிட்டது. எனினும் தொட்டுக் கற்கும் முறைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது, 1969இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் திறக்கப்பட்ட எக்ஸ்ப்ளோரடோரியம் ஆகும். 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்டுப் பின்னர் புதுக்கப்பட்ட நுண்கலை மாளிகையில் அது தொடங்கிற்று. 2013இல் கடலோரத் துறைமேடை ஒன்றுக்கு இடம் மாறியது. அதனை நிறுவியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியல் அறிஞர். அணுகுண்டு ஆக்கப்பணிக்குத் தலைமை தாங்கிய இராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி அவர்.

இவருடைய வரலாறு நம் கேள்விக்குப் புறம்பானதன்று. 1945 ஜூலை 16ஆம் நாள் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது அண்ணனுடன் தம்பியும் அங்கிருந்தார். போர் முடிந்தபின், அவ்வாயுதத்தின் கொடுமையை மக்களுக்கு எடுத்துரைத்த விஞ்ஞானிகளுள் ஒருவரானார். இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராக இருந்த காரணம் பற்றி 1949இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்துப் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் அங்கிருந்த சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிந்தார். ஆசிரியத் தொழில் செய்தவர்களுக்கு இவ்வரலாற்றில் மிகவும் இனிக்கும் பகுதி இதுவே. பள்ளியில் போதிய கருவிகள் இல்லாமையால், மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துச் சென்று, கைவிடப்பட்ட இயந்திர உறுப்புகளைப் பொறுக்கி எடுத்து, விசையும் வெப்பமும் மின்சாரமும் கற்பித்தாராம். காட்சிச்சாலையின் இரு மேசைகளும் அக்குப்பைமேட்டிலேயே ஒன்றாகப் போடப்பட்டுவிட்டன எனலாம்.

அழிவுக் கருவியை ஆக்குவதில் பங்கு கொண்ட கை, பிற்காலத்தில் குழந்தைகளின் கைக்கு அறிவைத் தந்தது. இதனைப் பிராயச்சித்தம் என்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் உள்ளத்தில் இருந்ததை நாம் அறியோம். ஆனால் ஒன்றைக் குறித்துக் கொள்ளலாம். அறிவு தன்னளவில் தூயது, அதனைப் பயன்படுத்துவோரே பிழை செய்கின்றனர் என்று மாணவர்க்கு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஆசாரியர்கள் அவ்வளவு எளிதாக விட்டவர் அல்லர். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பயனற்ற தீவினைகளை ஐந்தாக வகுத்தார். அவற்றுள் ஒன்று ஹிம்சாதானம், அதாவது கொலைக்குரிய கருவியைப் பிறர்க்குக் கொடுத்தல். கொல்பவன் வேறாயினும் கருவியைக் கொடுத்த கையையும் அவர் கணக்கில் சேர்த்தார். இந்த வரையறை மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

முதல் மேசைக்கு வருவோம். தொட்டு அறிதல் என்பது நமக்குப் புதிதன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் மதிஞானத்தைப் பொறிகளாலும் மனத்தாலும் தோன்றும் அறிவு எனக் கூறி, அது வளரும் படிகளை அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணா என நான்காக வகுத்துள்ளார். ஆசிரியப் பயிற்சியில் மேலைநாட்டுக் கல்வி உளவியலாரின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்த எம் தலைமுறைக்கு இந்நான்கையும் எவரும் சொல்லித் தரவில்லை என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

ஓர் எளிய சோதனையைக் கொண்டு இதனை விளக்கலாம். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் மட்டுமன்று, எவ்வீட்டுச் சமையலறையிலும் செய்யத்தக்கது இது. ஓர் எவர்சில்வர் கரண்டியையும் ஒரு மர அகப்பையையும் இரவு முழுவதும் ஒரே அலமாரியில் வைத்திருந்து, காலையில் குழந்தையைத் தொடச் சொல்லுங்கள். கரண்டி குளிர்ந்திருக்கிறது என்று குழந்தை சொல்லும். 'ஏதோ குளிர்ச்சி' என்னும் அம்முதற்பற்றுதல் அவக்கிரகம். 'இரண்டும் ஒரே இடத்தில் இருந்தனவே, ஒன்று மட்டும் எவ்வாறு குளிரும்?' என்று அறிய விழைவது ஈஹா. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு காட்டும். உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து கடத்திச் செல்கிறது, மரம் அவ்வாறு கடத்துவதில்லை, ஆகவே குளிர்ந்தது கரண்டியன்று, நம் விரலே என்று துணிவது அவாயம். அடுத்த ஆண்டு பனிக்காலத்தில் இரும்புக் கதவைத் தொடும்போது அது நினைவுக்கு வருமாயின் தாரணா.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. கையால் தொட்டு அறிந்ததை 'நேரறிவு' என்று இக்காட்சிச்சாலையினர் போற்றுகின்றனர். உமாசுவாமியோ மதிஞானத்தைப் பரோட்சம், அதாவது மறைமுக அறிவு என்ற பிரிவிலேயே வைத்தார். ஆன்மா தானே காணாமல், பொறி என்னும் சாளரத்தின் வழியாக அன்றோ காண்கிறது! பிற்காலத்து அகளங்கர் உலக வழக்கு நோக்கி அதனை நேரறிவு எனக் கூறலாம் என்று இடம் கொடுத்தார். கரண்டியும் அகப்பையும் உமாசுவாமியின் பக்கம் சாட்சி சொல்கின்றன. தொட்ட விரல் பொய் சொன்னது; ஆராய்ந்த பின்னரே மெய் தெரிந்தது. எனவே, 'தொட்டுப் பார்த்தாயா, போதும்' என்று குழந்தையை அடுத்த மேசைக்கு இழுத்துச் செல்லும் பெற்றோர் அவக்கிரகத்திலேயே அறிவை நிறுத்திவிடுகின்றனர். விடுமுறை நாள்களில் கூட்டம் மிகும்போது இதுவே நடக்கிறது.

இனி ஓர் ஐயம். அனர்த்த தண்டம் எனப்படும் பயனற்ற தீவினைகளுள் பிரமாதசரியை என்பதும் ஒன்று. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றைக் கிளப்புதல், பயிரைக் கிள்ளுதல் ஆகியன அதில் அடங்கும் என்பர். அருங்கலச்செப்புப் பயின்ற இல்லங்களில் இது தெரிந்த செய்தியே. அவ்வாறாயின் குழந்தைகள் நீரைக் கொட்டி, விசிறியைச் சுழற்றி, மெழுகுவத்தி ஏற்றி விளையாடும் மேசை நமக்கு ஆகுமா என்று வினவும் முதியோரை நகைத்து ஒதுக்குதல் தகாது. வினா நேர்மையானது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றிலும் ஓரறிவு உயிர் உண்டு என்று நம்புவோர் இவ்வாறு வினவாமல் இருந்தால்தான் வியப்பு.

விடை 'பயனின்றி' என்னும் சொல்லில் இருக்கிறது. ஈஹா தோன்றாத இடத்தில் நீர் கொட்டப்பட்டால் அது வீண். கேள்வியுடன் கொட்டப்பட்ட ஒரு குவளை நீர் கல்வி. அக்குவளை நீரும் சோதனைக்குப் பின் செடிக்குச் செல்ல வேண்டும். எமது பணிக்காலத்தில் மாணவிகளிடம் யாம் கேட்கும் முதற்கேள்வி, 'எதனை அறிவதற்காக இச்சோதனை?' என்பதே. விடை கூறாதவர் தீப்பெட்டியைத் தொடலாகாது. இக்கண்டிப்பைச் சிலர் கஞ்சத்தனம் என்றனர். இருக்கட்டும்.

இதுவரை வழி சமதளமாகவே இருந்தது. இனிதான் ஏற்றம்.

எக்ஸ்ப்ளோரடோரியத்தில் பல பத்தாண்டுகளாகப் புகழ் பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. உணவுக்காகக் கொல்லப்பட்ட மாட்டின் கண்ணை மேசைமீது வைத்து, 'விளக்குநர்' எனப் பெயர் பெற்ற இளைஞர் அதனை அறுத்துக் காட்டுவர். சுற்றி நிற்கும் குழந்தைகள் முதலில் முகம் சுளிப்பர். பிறகு நெருங்கி வருவர். உள்ளிருந்து எடுத்த ஆடியைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்து அதன் வழியே தெரியும். விழியின் உட்புறத்தில் நீலமும் பச்சையுமாக மின்னும் ஒரு படலம் தென்படும். இரவில் மாட்டின் கண் ஒளிர்வது அதனால்தான். கண்ட குழந்தை மறக்காது. இந்நிகழ்ச்சியால் மருத்துவக் கல்வியில் நாட்டம் கொண்டோரும் இருக்கக்கூடும். அதன் கல்விப் பயனை மறுப்பது நேர்மையாகாது.

அதற்குக் கூறப்படும் சமாதானத்தைக் கவனியுங்கள். 'இக்கண்ணுக்காக மாடு கொல்லப்படவில்லை. உணவுக்காகக் கொல்லப்பட்டது, கண் எப்படியும் எறியப்படும். எறிவதைக் கல்விக்குப் பயன்படுத்துகிறோம்.' இது பக்கத்து மேசையில் வெற்றுப் புட்டிக்குச் சொல்லப்படும் அதே சமாதானம். ஓர் எழுத்தும் மாறவில்லை. புட்டிக்கு ஏற்றுக்கொண்ட நாம் கண்ணுக்கு மட்டும் எந்த நியாயத்தால் மறுப்போம்? 'அருவருப்பாக இருக்கிறது' என்பது நியாயம் ஆகாது. அருவருப்புப் பழகினால் நீங்கிவிடும். அந்தக் குழந்தைகளுக்கு ஐந்து நிமிடங்களில் நீங்கிவிட்டது.

நம் முன்னோர் இவ்வழக்கை முன்பே விசாரித்துள்ளனர். 'யாம் கொல்லவில்லை, கொன்றதை வாங்கினோம்' என்னும் வாதத்தை எதிர்த்துத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் பேசுகிறது. வாங்குவோர் இன்றேல் விற்பனைக்கென ஊன் கொணர்வாரும் இலர் என்பது அங்குள்ள கருத்து. நீலகேசியில் பௌத்தருடன் நிகழும் வாதங்களிலும் ஊனுணவு பற்றிய விவாதம் இடம் பெறுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியால் வந்து சேரும் என்பது நாம் சிறுவயதில் கேட்ட பாடம். அமிருதசந்திர ஆசாரியர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தானே இறந்த எருமை, எருது ஆகியவற்றின் ஊனிலும் அதனைப் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் நசுங்குதலால் ஹிம்சை உண்டு என்று புருஷார்த்தசித்தியுபாயத்தில் உரைத்தார். 'எறியப்பட்டது' என்ற சமாதானத்துக்கு அவர் சிறிதும் இடம் வைக்கவில்லை.

ஆனால் ஆசாரியர்கள் உண்பதைப் பற்றிப் பேசினர்; காட்சிச்சாலையில் எவரும் உண்ணவில்லையே எனலாம். இங்குதான் நாமே சிந்தித்தாக வேண்டும்.

நம் துறவியரின் கையில் இருக்கும் மயிற்பீலியை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஓர் உயிரின் உடலிலிருந்து வந்ததே. ஆண்மயில் ஆண்டுதோறும் கார்காலத்துக்குப் பின் தோகையைத் தானே உதிர்க்கிறது. உதிர்ந்ததைப் பொறுக்கிக் கட்டியதே பீலி. அமரும் இடத்திலும் பொருளை வைக்கும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்கு அது பயன்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பழைய பீலியை மாற்றும் விழாவில், விரதம் ஏற்கும் இல்லறத்தார் ஒருவருக்கு அப்பழையது அளிக்கப்படுகிறது. எறியும் பொருளை எடுத்து இறுதிவரை பயன்படுத்துவதற்கு இதனினும் சிறந்த சான்று எந்தக் காட்சிச்சாலையிலும் இல்லை.

மயிற்பீலி உதிர்ந்தது; மாட்டின் கண் பறித்தது. உயிர் தான் விட்டதற்கும் உயிரிடமிருந்து பிடுங்கியதற்கும் உள்ள வேறுபாடு, பிறகு அப்பொருளைக் குப்பையில் போட்டாலும் கோயிலில் வைத்தாலும் மாறுவதில்லை. 'எப்படியும் எறியப்படும்' என்பவர் பொருளின் முடிவை மட்டும் பார்க்கின்றனர். நாம் பார்க்க வேண்டியது அது வந்த வழியை. இறந்தபின் எடுக்குமாறு ஒருவர் விரும்பி எழுதிக் கொடுத்த கண்ணைத் தானமாகப் பெறுவது நமக்கு ஏற்புடையது; நம் குடும்பங்களில் அவ்வாறு தந்தோர் உண்டு. அதுவும் கண்தான், அதனையும் மருத்துவர் கத்தியால்தான் எடுக்கின்றனர். எனினும் அது பறித்தது ஆகாது.

இவ்வேறுபாடு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. எறிந்த பொருள் மேசையில் பழைய பட்டுச்சேலைத் துண்டு ஒன்று கிடக்கிறது என்க. கூட்டுப்புழுக்களைக் கூட்டோடு கொதிநீரில் இட்டு எடுத்த நூல் அது. பறித்ததன்றி வேறென்ன? நம் வீட்டுப் பெட்டிகளிலும் மணநாள் பட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அறிவுரை கூறுமுன் அதனையும் நினைத்தல் நலம். அத்துண்டைக் குழந்தை பொம்மைக்கு ஆடையாக்கலாமா? ஆக்கலாம் என்பதே எமது கருத்து. அதனைக் குப்பையில் இடுவதால் எந்தப் புழுவும் மீளாது. அதனை எடுப்பதால் இன்னொரு சேலை நெய்யப்படுவதும் இல்லை. மாட்டின் கண் அவ்வாறன்று. நிகழ்ச்சி நடக்கும் நாள்தோறும் புதிய கண் வேண்டும். வேண்டுமென்று கேட்பவர் இருக்க வேண்டும். கொடுப்பவர் எடுத்து வைக்க வேண்டும். கேட்பவர் அறச்சாலையினராகவும் கொடுப்பவர் கொலைத்தொழிலினராகவும் இருப்பதால் கயிறு அறுந்துவிடாது.

இந்தக் கயிறு மயிற்பீலியையும் விட்டுவைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், உதிர்ந்த பீலியை மக்கள் வைத்திருக்க விலக்கு அளித்தது. ஆனால் பீலிக்கு விலை உண்டு. விலை உள்ள இடத்தில், மயில் உதிர்க்கும் வரை காத்திருக்க மனமில்லாதோரும் உளர். இறகின் அடித்தண்டில் குருதிக்கறை உண்டா என்று பார்த்தே பறித்ததைக் கண்டுபிடிக்கின்றனர். கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பீலி முழுவதும் தோப்பில் பொறுக்கியதுதான் என்று யார் உறுதி கூறுவார்? கேட்போர் பெருகினால் உதிர்ந்ததும் பறித்ததாகிவிடும். துறவியர்க்குப் பீலி அளிக்கும் புண்ணியத்தை விழையும் நம்மவர், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குதல் கடமை. இதனை ஒரு குறையாகச் சொல்லவில்லை. காட்சிச்சாலையாரிடம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

நடைமுறைக்கு வந்தால், அறுத்துக் காட்டும் மேசையருகே நம் குழந்தை என்ன செய்யும்? விலகி நிற்கலாம். அதனை நாணத்தோடு செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்ப்ளோரடோரியம் உள்ள அதே கலிபோர்னியா மாநிலத்தில், விலங்கை அறுக்கும் பாடத்திலிருந்து விலகி மாற்றுப் பயிற்சி கோரும் உரிமையைப் பள்ளி மாணவர்க்கு 1988இல் சட்டமே வழங்கியது. மறுத்து நின்ற ஒரு மாணவியின் வழக்கே அச்சட்டத்துக்குத் தூண்டுகோல். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2011இலும், நிறுத்துமாறு 2014இலும் அறிவுறுத்தியது. விலகும் குழந்தை தனியாக நிற்கவில்லை. ஆனால் விலகுவதோடு நின்றுவிட்டால் அறிவில் ஓர் ஓட்டை விழும். அதனை நிரப்பும் பொறுப்பு நம்முடையது. அதற்கு இறுதியில் வருவோம்.

இனி இரண்டாவது மேசை. அங்குக் கிடக்கும் பிளாஸ்டிக் புட்டி உதிர்ந்ததா, பறித்ததா? இரண்டும் அன்று. எறிவதற்கென்றே செய்யப்பட்டது. மனித வரலாற்றில் இது ஒரு புதிய வகைப் பொருள். பழைய நூல்களில் இதற்குப் பெயர் தேடிப் பயனில்லை. நம் பாட்டிமார் காலத்தில் எறிவதற்கென்று செய்த பொருள் தையல் இலை ஒன்றுதான். அதனையும் மாடு தின்றது அல்லது மண் தின்றது.

எறிந்ததைக் கொண்டு ஆக்கும் கலைக்குச் சிறந்த சான்றுகள் உள. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரில் 1996இல் தொடங்கிய ரெமிதா என்னும் நிலையம், தொழிற்சாலைகளில் மிஞ்சும் துண்டுகளையும் குறையுள்ள பொருள்களையும் பெற்று வகைப்படுத்திப் பள்ளிகளுக்கு வழங்கிவருகிறது. நம் நாட்டில் அரவிந்த் குப்தா அவர்களின் பணி நினைக்கத்தக்கது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1978இல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்து பணியாற்றிய அவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவியல் கற்பித்தார். மின்கலம், ஊக்கு, காந்தத் துண்டு, செம்புக்கம்பிச் சுருள் ஆகியவற்றால் சுழலும் மோட்டார் செய்யக் காட்டினார். பின்னர் புனே நகரில் குழந்தைகளுக்கான அறிவியல் நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். போரால் பாழான நாடுகளின் ஆசிரியர்க்காக 1948இல் வெளியிடப்பட்ட ஒரு சிறு கையேட்டிலிருந்து வளர்ந்து, 1956இல் யுனெஸ்கோ அறிவியல் ஆசிரியர் மூலநூலாக வெளிவந்ததும் இவ்வகையினதே. இவர்களிடம் பொருள் இல்லை, கேள்வி இருந்தது. குப்பையிலிருந்து கருவி வந்தது.

இன்று பல இடங்களில் நடப்பது இதன் தலைகீழ். 'வீண்பொருளில் கலைப்பொருள்' என்று பள்ளியில் வீட்டுப்பாடம் தருகின்றனர். பெற்றோர் மாலையில் கடைக்கு ஓடிப் புதிய ஐஸ் குச்சிக் கட்டும், புதிய தாள் குவளையும், மினுங்கும் தூளும், பசையும் வாங்கி வருகின்றனர். புட்டியில் குளிர்பானம் இருந்தால் அதனைக் குடித்து முடித்தாயிற்று. தாளும் பிளாஸ்டிக்கும் துணியும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரு யானையாகின்றன. யானை ஒரு வாரம் அலமாரிமேல் நிற்கிறது. பின்னர்க் குப்பைத்தொட்டிக்குச் செல்கிறது. முன்பு புட்டியைத் தனியாகவும் தாளைத் தனியாகவும் பழம்பொருள் வாங்குபவர் எடுத்துச் சென்றிருப்பார். ஒட்டிய யானையை அவரும் தொடமாட்டார். இங்குக் குறைந்தது எது? ஆசை குறையவில்லை, குப்பை குறையவில்லை. 'நற்செயல் செய்தோம்' என்ற எண்ணம் மட்டும் கூடிற்று. மிகுபொருள் விரும்பாமையின் உடையை அணிந்துகொண்டு வரும் மிகுபொருள் விருப்பம் இது.

நம் துறவியர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள் இரண்டு இவ்விடத்தில் வழிகாட்டும். ஒன்று ஆதான நிட்சேபண சமிதி: பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்கு ஊறு நேராமல் பார்த்துச் செய்தல். மற்றொன்று உத்சர்க்க சமிதி: கழிப்பதை உயிரற்ற தூய இடம் பார்த்துக் கழித்தல். இல்லறத்தார்க்கு இவை விரதமாக விதிக்கப்படவில்லை. ஆயினும் இவற்றின் ஒரு சாயல் நம் அடுப்படியில் வழங்கி வந்தது. கிணற்று நீரைத் துணியால் வடிகட்டிய பின், துணியில் தங்கிய சிற்றுயிர்களை வெளியில் உதறாமல், அதே கிணற்றில் மெல்லக் கழுவிவிடுவர் நம் மூத்தோர். எடுத்த இடத்துக்கே திரும்ப வைத்தல் அது. வேறு கிணற்று நீரில் விடுவதுகூடப் பிழை என்பர். குழாய் நீர் வந்தபின் வடிகட்டும் துணி மறைந்தது. அதனோடு திரும்ப வைக்கும் பழக்கமும் மறைந்தது.

குழந்தை ஒரு புட்டியைக் கையில் எடுக்கும்போதே, 'இதனை எவ்வாறு திரும்ப வைப்பாய்?' என்று கேட்கலாம். ஒட்டாமல் செருகிச் செய்யலாம், நூலால் கட்டலாம், விளையாடி முடித்தபின் பிரித்து, உலோகத்தை உலோகத்தோடும் தாளைத் தாளோடும் சேர்க்கலாம். பிரித்தலும் அறிவியல்தான், அதற்கும் கை வேண்டும். ஓப்பன்ஹைமரின் மாணவர் குப்பைமேட்டில் செய்தது பெரும்பாலும் பிரித்தல் வேலையாகத்தான் இருந்திருக்கும்.

கண்ணைப் பற்றிய பாடத்தை மாட்டின் கண் இன்றி எவ்வாறு கற்பிப்பது என்று கேட்டவர்க்கு, எம் வகுப்பில் கையாண்ட முறையைக் கூறுகிறோம். மூடியுள்ள காலணிப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையில் குண்டூசியால் துளையிடுங்கள். எதிர்முனையில் சாளரம் வெட்டி, எண்ணெய் தடவிய தாளை நூலால் இழுத்துக் கட்டுங்கள். மூடியை மூடி, துளை வெளிச்சத்தை நோக்கியிருக்க, தலையையும் தாளையும் கறுப்புத் துணியால் போர்த்துப் பார்த்தால் முற்றத்து மரம் தலைகீழாகத் தாளில் தெரியும். நம் விழித்திரையிலும் உருவம் இவ்வாறே தலைகீழாக விழுகிறது. அதனை நேராக அறிவது மனம். அடுத்து, துளையை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒளி மிகும், உருவம் கலங்கிவிடும். அப்போது மூன்று எண் கொண்ட வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் துளையின் முன் பிடித்தால், ஏறத்தாழ முப்பத்துமூன்று சென்டிமீட்டர் தொலைவில் உருவம் தெளிவாக விழும். காலணிப் பெட்டியின் நீளமும் அதற்கு அணித்தே. பெட்டி சற்றுக் குட்டையாயின் திரையை ஓர் அட்டைச் சட்டத்தில் கட்டிப் பின்னுக்கு நகர்த்திக்கொள்ளலாம். கண்ணின் ஆடி செய்யும் வேலையை, அறுக்காமல், குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்ளும். மின்னும் நீலப்பச்சைப் படலத்துக்கு ஈடாக, உதிர்ந்தது என்று நாம் உறுதியாக அறிந்த ஒரு மயிலிறகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லலாம். அங்கும் அந்நிறம் சாயத்தால் வருவதன்று, நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டு மீள்வதால் வருவது.

பார்த்து முடித்தபின் நூலை அவிழ்த்துச் சுற்றி வைக்கலாம். எண்ணெய்த் தாள் விளக்குத் திரிக்கு உதவும். அட்டை, பழைய தாள் வாங்குபவரின் தராசுக்குப் போகும். கண்ணாடியைத் துடைத்து, தாத்தா தேடத் தொடங்குமுன் அவருடைய உறைக்குள் வைத்துவிட வேண்டும்.